ஷவ்வால் பத்து, அல்கோபார்

முதல் கார் எந்த ஊர்த் தெருவில் ஓடியது,
கைப்பிடி சுற்றாமல் எஞ்சின் எந்த வருடம் உயிர்த்தது,
இடுப்போடு தோளையும் சேர்த்துக் கட்டும் வாரை
யார் முதலில் தைத்தார்கள்,
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்த கார் சரித்திரத்தில்
ஒரே ஒரு மைல்கல்.
அதை நட்டபோது
நான் பின் சீட்டில் இருந்தேன்.

பதினோரு வருடம்.
இக்காமாவில் தொழில்: வீட்டு டிரைவர்.
வீட்டில் பெயர்: சாயிக்.
வேலைக்குச் சேர்ந்த அன்றே பாபா
உள் கண்ணாடியை இரண்டு விரலால் மேலே திருப்பினார்.
அதன் பிறகு அதில் நான் கண்டதெல்லாம்
கூரைத் துணி.
வெளிர்ச் சாம்பல், இடது மூலையில் பெப்சி தெறித்த கறை.
பின்னால் வரும் வண்டிகளைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் இருப்பவர்களைக் குரலில் மட்டும்.
யமீன், வலது.
யஸார், இடது.
கலாஸ், போதும், இங்கேயே நிறுத்து.
மூன்று சொல்லில் ஒரு குடும்பத்தைப்
பள்ளிக்கும் பிரசவத்துக்கும் துக்க வீட்டுக்கும்
கொண்டுபோய்க் கொண்டுவந்தேன்.

லைசென்ஸ் எடுக்க மதாம் பஹ்ரைன் போய் வந்தாள்,
ஒன்பது சனிக்கிழமை.
பாலத்தின் நடுத்தீவில் இறக்கிவிடுவேன்,
அக்காவின் கார் வந்து ஏற்றிக்கொள்ளும்.
திரும்பும்போது பின் சீட்டில் உட்கார்ந்து
காலால் எதையோ மிதித்து மிதித்துப் பழகுவாள்.
செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கும்.
கேட்காததுபோல் ஓட்டுவேன்.

அன்றிரவு
பதினொன்றரைக்கே வண்டியைக் கழுவி நிறுத்தினேன்.
ஜிஎம்சி. இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
சொச்சமும் என் கால்தான்.
பன்னிரண்டு என்று போன் காட்டியதும்
மகள் தீமா முன் சீட்டில் தாவி ஏறினாள்.
ஸ்டியரிங் முன்னால் மதாம்.
சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன்.
"நீயும் ஏறு" என்றாள்,
"பெரிய வண்டி. ரிவர்ஸ் எனக்குப் பயம்."

பின் சீட்டு இவ்வளவு பள்ளம் என்று யாரும் சொன்னதில்லை.
அங்கிருந்து கடல் தெரியாது.
தெரிந்தது என் சீட்டின் தலைத்திண்டு,
நடுவில் எண்ணெய்ப் பிசுக்கில் வட்டமாய்க் கறுத்து.
பதினோரு வருடமாய் அவர்கள் பார்த்து வந்த
ஊர்க் காட்சி இதுதான் போலிருக்கிறது.
இடுக்கில் பேரீச்சங்கொட்டை, ஒற்றை வளையல்,
உள்ளே போய்விட்ட பெல்ட்டின் நாக்கு.
தோண்டி எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டியதும் முதல் பிரேக்.
என் வலது கால் வெறும் தரையை அழுத்தியது.
ரவுண்டானாவில் இன்னொன்று. மறுபடி மிதித்தேன்.
செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

கார்னிஷில் ஊரே விழித்திருந்தது,
ஹாரன், குலவை, ஜன்னலுக்கு வெளியே நீளும் போன்கள்.
தண்ணீர்க் கோபுரத்தருகே ஒரு போலீஸ்காரன்
கைகாட்டி நிறுத்தி, பழக்க தோஷம்,
பின் ஜன்னல்வரை வந்து குனிந்து
"ருக்ஸா" என்றான் என்னிடம்.
என் கையும் பழக்க தோஷம், சட்டைப்பையில்.
முன்னால் அவள் கை நீட்டியபடியே இருந்தது,
பிளாஸ்டிக் வாசம் போகாத புது அட்டையோடு.
யார் யாரிடம் கேட்பதென்று
ஒரு கணம் மூவருக்கும் தெரியவில்லை.
தீமாதான் முதலில் சிரித்தாள்.

அடுத்த சிக்னலில்
"பின்னால் ஒன்றும் தெரியவில்லையே" என்று
மதாம் உள் கண்ணாடியைப் பிடித்தாள்.
இறுகிப்போயிருந்தது. முனகியது. இறங்கியது.
கூரை போய்
பின் ஜன்னல், சாலை, விளக்குகள்,
எல்லாவற்றையும் பாதி மறைத்துக்கொண்டு என் முகம்.
அவள் கண்கள் அங்கேயே நின்றன.
எங்கே பார்ப்பதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
"சாயிக்" என்று தொடங்கி, நிறுத்தி,
"உன் பெயர் என்ன என்று சொன்னாய்?"

நான் சொன்னதே இல்லை.
நட்டுவைத்த கல் என்று அர்த்தம் வரும் பெயர்.
அதை விளக்க நேரமில்லை,
பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.
"எபனேசர்" என்றேன்.
"மதாம், பச்சை."

டிசம்பரில் எக்ஸிட் அடித்துத் தந்தார்கள்,
கூடவே ஒரு மாதச் சம்பளம்.
தம்மாம் விமான நிலையம்வரை அவளே ஓட்டினாள்.
ஐம்பது நிமிடம்.
ஒரே ஒரு தடவைதான் மிதித்தேன்.